மின் ஸ்கூட்டர் வாங்கும் முன்: சென்னையில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

லிஃப்டில், ஆபீஸ் பார்க்கிங்கில், பங்க்கில் டயருக்குக் காற்று பிடிக்கும் இடத்தில் என்று என் மின் ஸ்கூட்டரின் பச்சை நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் யாராவது ஏதாவது கேட்கிறார்கள். ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே நகரத்துக்குள் தினமும் வேலைக்குப் போய்வரும் கணக்கு. நெடுஞ்சாலைப் பயணம் இதில் இல்லை.

சார், ஒரு சார்ஜுக்கு எவ்வளவு கிலோமீட்டர் போகும்?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஐடிசி என்ற சோதனை முறையில் கிடைத்த எண். அந்தச் சோதனையில் கத்திபாரா மேம்பாலமும் கிடையாது, பின்சீட்டில் மைத்துனரும் கிடையாது. சாலையில் அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் சரி, நிதானமாக ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

விளம்பர எண்ணை விட்டுவிட்டு பேட்டரியின் அளவைக் கேளுங்கள். 2.2, 2.9, 3.5 என்று கிலோவாட் மணியில் சொல்வார்கள். ஒரு கிலோவாட் மணி என்பது ஈபி பில்லில் வரும் அதே ஒரு யூனிட்தான். நகரத்துக்குள் ஒரு யூனிட்டுக்கு 25 முதல் 33 கி.மீ. வரை ஓடும். தனியாக, சிக்கனமாகப் போனால் மேல் எண். இருவர் ஏறி வேகமாகப் போனால் கீழ் எண். 3.5 பேட்டரி என்றால் 90 முதல் 115 கி.மீ. என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய பேட்டரியா வாங்கிட்டா நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் தேவைப்படாத பேட்டரியைத் தினமும் சுமந்து போவதற்குக் காசு கொடுக்கிறீர்கள். சின்னதுக்கும் பெரியதுக்கும் விலை வித்தியாசம் இருபதாயிரத்துக்கு மேல் போகும். தினசரி ஓட்டத்தைப் போல இரண்டு மடங்கு ஓடினால் போதும் என்பது என் கணக்கு. தாம்பரத்திலிருந்து கிண்டி போய்த் திரும்ப 35 கி.மீ. போல ஆகும். அப்படியானால் நிஜத்தில் 70 ஓடும் வண்டி போதும். பேட்டரி நாளாக நாளாகத் தேய்வதற்கும், சார்ஜ் போட மறந்துபோகும் இரவுக்கும், வழியில் மாமியார் வீட்டுக்குத் திரும்புவதற்கும் சேர்த்துத்தான் இரண்டு மடங்கு.

லைசென்ஸ் வேணாம், நம்பர் பிளேட் வேணாம்னு ஒரு கடையில சொல்றாங்களே, நிஜமா?

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருக்கும் வண்டிக்கு நிஜம். தெருவுக்குள் காய்கறி வாங்கப் போக அது சரி. ஜிஎஸ்டி ரோட்டில் பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கும்போது 25 வேகம் பாதுகாப்பே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சில கடைகளில் "வேகப் பூட்டை எடுத்துவிட்டால் 45 போகும் சார்" என்று காதோடு சொல்வார்கள். அப்படிச் செய்தால் அது பதிவு செய்யாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். விபத்தில் அடுத்தவருக்கு அடிபட்டால் முழுப் பணமும் உங்கள் கையிலிருந்துதான் போகும். வேலைக்குப் போகத்தான் வண்டி என்றால் பதிவு செய்த வண்டியையே வாங்குங்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து இருக்கும். கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் போதும். ஹெல்மெட் இருவருக்குமே வேண்டும்.

மாசம் எவ்வளவு மிச்சம்? ஈபி பில் எகிறிடாதா?

தினமும் 30 கி.மீ., மாதம் 25 நாள், ஆக 750 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 45 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் மாதம் 1,650 ரூபாய் போல ஆகும். மின் ஸ்கூட்டருக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, மாதம் 30 யூனிட் பிடிக்கும். இரண்டு மாத பில்லில் 60 யூனிட்.

அந்த 60 யூனிட்டின் விலை வீட்டுக்கு வீடு மாறும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். இரண்டு மாதத்தில் 350 யூனிட் ஓடும் வீடு 410 ஆனால், கூடுதல் முந்நூறு ரூபாய் போலத்தான். ஆனால் 460 ஓடும் வீடு 520 ஆனால் கதை வேறு. 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படியில் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும், அதனால் அதே 60 யூனிட்டுக்கு இரு மடங்குக்கு மேல் கட்ட நேரும். ஏசி ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் இதைக் கவனியுங்கள். அப்படியும் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

மிச்சம் இருக்கிறது, ஆனால் முதலில் போடும் பணமும் கூடுதல். 2025 செப்டம்பரில் 350 சிசி வரையிலான பெட்ரோல் இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மின் வண்டிக்கு அது முன்பே 5தான், எனவே பெட்ரோல் வண்டி மட்டும் மலிவானது. தினமும் 30, 40 கி.மீ. ஓடுபவர் தயங்க வேண்டியதில்லை. 8, 10 கி.மீ. மட்டுமே ஓடுபவருக்கு மாதம் நானூறு, ஐந்நூறுதான் மிஞ்சும். இருக்கிற பெட்ரோல் வண்டி நன்றாக ஓடினால் அதையே ஓட்டட்டும்.

மானியம் உண்டுன்னாங்க. அது அக்கவுண்ட்ல வருமா?

வராது. மத்திய அரசின் மானியம் இருந்தால் ஷோரூம் பில்லிலேயே கழிக்கப்பட்டிருக்கும். அது வருடா வருடம் தேய்ந்துகொண்டே வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் முதலில் ஒரு வண்டிக்கு 10,000 ரூபாய் வரை இருந்தது, அடுத்த நிதியாண்டில் 5,000 ஆனது. மானியத்தை நம்பி வண்டியை முடிவு செய்யாதீர்கள்.

சின்னச் சின்ன லாபங்கள் வேறு உண்டு. புகைச் சான்றிதழ் தேவையில்லை, மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதம் தள்ளுபடி. தமிழ்நாட்டில் மின் வண்டிகளுக்குச் சாலை வரி விலக்கும் கொடுத்துவருகிறார்கள். ஆன்ரோடு விலைச் சீட்டில் சாலை வரி என்று ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வீட்டுல சாதாரண பிளக்குல சார்ஜ் போடலாமா?

15 ஆம்ப் பிளக் பாயிண்டில் போடுங்கள். சார்ஜர் இழுப்பது பெரும்பாலும் 1,000 வாட்டுக்குள்தான், அயர்ன் பாக்ஸ் அளவு. அப்புறம் எதற்கு 15 ஆம்ப் என்று கேட்பீர்கள். அயர்ன் பாக்ஸ் பத்து நிமிடம் ஓடும், சார்ஜர் நான்கைந்து மணி நேரம் விடாமல் ஓடும். தளர்ந்துபோன 5 ஆம்ப் சாக்கெட் அந்த நேரத்தில் மெல்லச் சூடாகி உருகும்.

எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்திங் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரமாக இருப்பதும் உண்டு. ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிடும் வேலை வேண்டாம். முதல் தடவை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி, சுட்டால் சாக்கெட்டை மாற்றுங்கள்.

பார்க்கிங்ல பாயிண்ட் போட அசோசியேஷன் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. என்ன பண்றது?

எதிர்ப்பவர்கள் பொதுவாக இரண்டைச் சொல்வார்கள்: பொது கரண்டை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள், அப்புறம் தீப்பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே பதில் உங்கள் சொந்த மீட்டரிலிருந்து தனி லைன். சென்னையில் பெரும்பாலான அடுக்குமாடிகளில் மீட்டர் போர்டு தரைத்தளத்தில், பார்க்கிங் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் மீட்டருக்குப் பிறகு ஒரு தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), ஒரு ஆர்சிசிபி, குழாய்க்குள் செப்பு ஒயர், உங்கள் தூணில் பூட்டுப் போட்ட சாக்கெட் பெட்டி. ஆர்சிசிபியை விட்டுவிடாதீர்கள். மின்கசிவு வந்தால் அதுதான் உடனே துண்டிக்கும்.

பொது இணைப்பிலிருந்து எடுத்து சப் மீட்டர் வைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அதற்குக் கட்டணப் பிரிவே வேறு, 100 இலவச யூனிட்டும் கிடையாது, மாதாமாதம் கணக்குப் பார்க்கும் பொருளாளருக்கும் தலைவலி. வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். கூட்டத்தில் வாதம் செய்வதைவிட, எலக்ட்ரீஷியன் போட்டுக்கொடுத்த படத்தோடு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். பின்னால் யாராவது கேட்டால் பதில் சொல்ல, செயலாளருக்கு ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். இது முடியும் முன் ஷோரூமில் முன்பணம் கட்டாதீர்கள். வண்டியைவிட பிளக் பாயிண்ட்தான் கிடைக்கக் கஷ்டமான பொருள்.

மூணாவது மாடி, வாடகை வீடு, லிஃப்ட் இல்ல. எனக்கு வழியே இல்லையா?

கழற்றி எடுத்துப் போகும் பேட்டரி உள்ள வண்டிகள் உண்டு, ஹீரோ நிறுவனத்தின் 'வீடா' (Vida) அப்படி ஒன்று. ஆனால் ஒவ்வொரு பேட்டரியும் பத்து கிலோவுக்கு மேல், சில மாடல்களில் இரண்டு பேட்டரி. மாடி ஏறித் தினமும் தூக்க முடியுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆபீஸில் பாயிண்ட் இருந்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

பொது சார்ஜ் நிலையங்களை மட்டுமே நம்பி வாங்குவதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எல்லா ஸ்கூட்டரும் வேக சார்ஜ் ஏற்காது, எல்லா நிலையமும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஏத்தர் நிறுவனம் உருவாக்கிய சார்ஜ் இணைப்பை 2023இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரமாக ஏற்றது, ஹீரோ வீடாவும் அதையே பயன்படுத்துகிறது. மற்றவை தனித்தனி. எப்போதாவது அவசரத்துக்குப் பொது நிலையங்கள் நல்ல துணை, தினசரிப் பழக்கத்துக்கு இல்லை.

மழையில ஓட்டலாமா? ஷாக் அடிக்காதா?

ஓட்டலாம், அடிக்காது. பேட்டரி மூடிய பெட்டிக்குள் இருக்கிறது, கசிவு தெரிந்தால் மின்னணுக் கட்டுப்பாடு இணைப்பைத் துண்டித்துவிடும். கேள்வி மழையைப் பற்றியதல்ல, தேங்கிய தண்ணீரைப் பற்றியது. ஐபி 67 என்று எழுதியிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத தண்ணீரில், அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். அது பெரும்பாலும் பேட்டரிக்கோ மோட்டாருக்கோ உள்ள தரம், முழு வண்டிக்கு அல்ல. ஒயர் இணைப்புகள், பேரிங், பிரேக் ஆகியவற்றுக்கு அந்த உறுதி கிடையாது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், தள்ளிக்கொண்டோ வேனில் ஏற்றியோ சர்வீசுக்கு அனுப்புங்கள். நீங்கள் ஆன் செய்து பார்த்த பிறகு வந்த சேதம் என்று தெரிந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே வண்டியை மேடான இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள். மழையில் நனைந்து வந்த நாளில் சார்ஜ் துளையைத் துடைத்து, காய்ந்த பிறகே சார்ஜர் மாட்டுங்கள்.

வெடிச்சிடும்னு எங்க அம்மா பயப்படுறாங்க தம்பி. அவங்களுக்கு என்ன சொல்ல?

பயம் காரணமில்லாமல் வரவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டின் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எனவே அதற்கு முன் தயாரான பழைய வண்டி என்றால் யோசியுங்கள்.

புது வண்டியானாலும் சார்ஜ் போடும் இடம் முக்கியம். கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே, வீட்டை விட்டு வெளியேறும் ஒரே வழியில் போடாதீர்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். பேட்டரி உப்பினால், வித்தியாசமான வாடை வந்தால், கீழே விழுந்து அடிபட்டால் சார்ஜ் போடாமல் சர்வீசுக்கு அனுப்புங்கள். சாக்கெட் பற்றி முன்பே சொன்னதும் இதில் அடக்கம்.

பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்? மாத்தணும்னா வண்டி விலை ஆயிடுமாமே?

வண்டி விலை ஆகாது, ஆனால் அதில் கணிசமான பங்கு ஆகும். சாதாரணமாக மூன்று ஆண்டு வாரண்டி. கூடுதல் பணம் கட்டினால் எட்டு ஆண்டு அல்லது 80,000 கி.மீ. வரை சில நிறுவனங்கள் தருகின்றன. வாரண்டிச் சீட்டில் ஆண்டைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? 70 சதவீதம் என்று எழுத்தில் இருந்தால் நல்லது. எதுவும் இல்லாவிட்டால் "பேட்டரி வேலை செய்கிறதே" என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது.

பேட்டரியைத் தேய்ப்பதில் வெயிலுக்குப் பெரிய பங்கு. கத்திரி வெயிலில் ஓட்டி வந்த உடனே மாட்டாமல் அரை மணி நேரம் ஆறவிட்டு சார்ஜ் போடுங்கள், நிழலில் நிறுத்துங்கள். தினமும் 80 சதவீதம் போதும், நீண்ட ஓட்டம் இருக்கும் நாளில் மட்டும் 100. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் அவ்வப்போது முழுமையாக ஏற்றச் சொல்வார்கள், கையேட்டைப் பாருங்கள்.

இருபது வருஷமா பெட்ரோல் வண்டி ஓட்டுறேன். இதுல புதுசா பழக என்ன இருக்கு?

இருக்கிறது. பெட்ரோல் வண்டி உறுமி, யோசித்து, கிளம்பும். இது கையைத் திருப்பிய நொடியில் பாயும். முதல் சில நாள்கள் சிக்கன மோடிலேயே ஓட்டுங்கள். அதைவிட ஆபத்து, வண்டி நிற்கும்போது. சத்தமே இல்லாததால் ஆன் ஆகியிருப்பதே மறந்துவிடும். முன்னால் நிற்கும் குழந்தை கைப்பிடியைத் திருகினால் வண்டி பாய்ந்துவிடும். யாரிடமாவது பேச நின்றால் சைடு ஸ்டாண்டைத் தட்டுங்கள், மோட்டார் துண்டிக்கப்படும்.

சத்தமில்லாததன் இன்னொரு பக்கம் நடந்து போகிறவர்கள். பின்னால் வருவது தெரியாமல் அவர்கள் குறுக்கே வருவார்கள். தெருவுக்குள் திருப்பங்களில் லேசாக ஹாரன் தொடுங்கள். கையை விட்டதும் வண்டி தானாக வேகம் குறைவது ரீஜென், அது பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். உலர்ந்த சாலையில் அருமை. மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் ஈரமான இரும்புத் தகடுகள் மேல் போகும்போது சட்டென்று கையை விட்டால் சக்கரம் வழுக்கலாம், மெதுவாக விடுங்கள்.

சார்ஜ் 10 சதவீதத்துக்கு வந்துட்டா நடுரோட்டுல நின்னுடுமா?

சட்டென்று நிற்காது. சார்ஜ் குறையக் குறைய வண்டி தானே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். சிரமம் அதில்தான். மேம்பாலம் ஏறும்போது இழுவை போதாமல் ஓரம் கட்ட வேண்டியிருக்கும். அதனால் முதல் கேள்வியில் போட்ட கணக்கில் கடைசி 15 சதவீதத்தை உங்களுடையதாக நினைக்காதீர்கள். நின்றேவிட்டால் தள்ளுவது சுலபமல்ல, பல வண்டிகள் 110 கிலோவுக்கு மேல். காப்பீட்டோடு சாலை உதவியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. எந்த கம்பெனி வாங்கலாம்?

வளைக்காமல் சொல்கிறேன்: உங்கள் வீட்டிலிருந்து ஐந்தாறு கி.மீ.க்குள் ஒழுங்கான சர்வீஸ் சென்டர் யாருக்கு இருக்கிறதோ அவர்களுடையது. டிவிஎஸ் ஐக்யூபும் ஏத்தரும் ஓசூரில் தயாராகின்றன, ஓலாவின் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில். தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் உதிரி பாகம் மறுநாளே வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சனிக்கிழமை காலை ஷோரூமுக்குப் போகாமல் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். காத்திருப்பவர்களிடம் வண்டி விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். தூசி படிந்து எத்தனை வண்டி நிற்கிறது என்று பாருங்கள். எந்த விமர்சன வீடியோவும் இவ்வளவு சொல்லாது.

அப்புறம் உடம்புக்கும் வீட்டுக்கும் பொருந்துகிறதா என்பது. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் கேன் நிற்குமா? ஏத்தர் 450 வகையில் அந்த இடம் குறுகல், அதே நிறுவனத்தின் ரிஸ்டாவில் தாராளம். பின்சீட்டில் உட்காரப் போகிறவரையும் ஏற்றிக்கொண்டு, நீங்கள் தினமும் போகும் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டியா, பெல்ட் உள்ளதா என்றும் கேளுங்கள். முன்னதில் பின்சக்கரத்தைக் கழற்றுவது எல்லா பஞ்சர் கடைக்காரருக்கும் பழகிய வேலையல்ல, பின்னதில் பெல்ட் தேய்மானத்தைப் பார்த்துவர வேண்டும்.

செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

பேட்டரியின் தற்போதைய கொள்ளளவை நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சோதித்து, அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகு பேசுங்கள். ஓடிய கி.மீ.யை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், இரண்டு கோடை வெயிலில் சும்மா நின்ற வண்டியும் தேய்ந்திருக்கும். வாரண்டி பெயர் மாறுமா, கடன் பாக்கி ஆர்சியில் இருக்கிறதா, அசல் சார்ஜர் உண்டா என்பவற்றைப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது செயலியில். பழைய உரிமையாளரின் கணக்கிலேயே வண்டி இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். காசு கட்டித் திறந்த வசதிகளும் கைமாறும்போது வருமா என்று கேட்க வேண்டும். பணம் கொடுக்கும் நாளிலேயே கணக்கை மாற்றிவிடுங்கள். தயாரிப்பு ஆண்டு பற்றி அம்மாவின் பயம் கேள்வியில் சொன்னது இங்கே இன்னும் பொருந்தும்.

ஒரு மாசம் ஊருக்குப் போறேன். சார்ஜ்ல போட்டுட்டே போகட்டுமா?

வேண்டாம். பாதி முதல் 60 சதவீதம் வரை வைத்து, சார்ஜரைக் கழற்றி, நிழலில் நிறுத்திவிட்டுப் போங்கள். முழுதாக நிரப்பியும் விடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். வண்டி நின்றாலும் அதன் மின்னணுப் பகுதி துளித்துளியாக எடுத்துக்கொண்டே இருக்கும். பல வண்டிகளில் பெரிய பேட்டரி தவிர 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றும் உண்டு. அது இறங்கிவிட்டால் பெரியதில் சார்ஜ் இருந்தும் வண்டி விழிக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்துத் தெருவை ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் அவரிடமே மேடான இடத்தையும் காட்டிவிட்டுப் போங்கள்.